‘அவர் பேசினவர்’: ஒரு தீக்காய வழக்கில் நான் செய்த பிழை

நீங்கள் எல்லோரும் என்னிடம் சொற்பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். நீதிமன்றச் சொற்கள், மருத்துவச் சொற்கள், காப்புறுதிச் சொற்கள் எல்லாம் என்னிடம் உண்டு. லா ஷப்பலிலும் பாரிஸைச் சுற்றியுள்ள நீதிமன்றங்களிலும் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவே உட்கார்ந்து இருபத்தாறு வருடம் சேர்த்தவை. மூன்று தடித்த நோட்டுகள். வேண்டியவர்களுக்குப் பிரதி எடுத்துத் தருகிறேன். ஆனால் என் தொழிலில் நான் செய்த ஆகப் பெரிய பிழை அந்த நோட்டுகளில் இல்லாத ஒரு சொல்லால் வந்தது. அதை எழுதி வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் அது.

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன். இப்போது நினைத்தாலும் பாதி வெட்கம், பாதி சந்தோஷம்.

நான் புதுச்சேரிக்காரி. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஆரம்பத்தில் அவர்கள் பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபட்டது. கேட்டுக் கேட்டுப் பழகினேன். நான் பேசும்போது புதுச்சேரி வாசனை போகாது. கேட்கும்போது மட்டும் நான் பாதி யாழ்ப்பாணத்துக்காரி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

லா ஷப்பல் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு சங்கம் புதன்கிழமை பிற்பகல்களில் இலவசச் சட்ட ஆலோசனை நடத்தியது. முறை வைத்து ஒரு அவொக்கா வருவார், நான் பக்கத்தில் உட்காருவேன். அவொக்கா என்றால் வக்கீல். நம் ஆட்கள் யாரும் இங்கே வக்கீல் என்று சொல்வதில்லை. ஒரு புதன்கிழமை கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஒரு கையில் தடித்த கோப்பு, இன்னொரு கையில் கணவனின் இடது முழங்கை. அவனுடைய வலது கை தோளிலிருந்து விரல் நுனிவரை இறுக்கமான பழுப்பு நிற உறைக்குள் இருந்தது. ஒட்டுப் போட்ட தோல் தடித்துவிடாமல் இருக்கப் போடும் உறை. விரல்கள் பாதி மடங்கி, ஏதோ ஒரு கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டவை போல இருந்தன.

அவன் பெயர் சிவநேசன். நாற்பத்து மூன்று வயது. அவள் கௌரி. கூசேன்வில்லில் இருந்து ரயிலேறி வந்திருந்தார்கள். அவள் அங்கிருந்து விமான நிலையத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவள். அவன் பாரிஸுக்கு வெளியே ஒரு தமிழர் உணவகத்தின் குசினியில், அதாவது சமையலறையில், ஒன்பது வருடம் வேலை செய்தவன்.

நடந்தது இதுதான். குசினியில் எண்ணெயில் பொரிக்கும் பெரிய மெஷின் ஒன்று இருந்தது. பழைய எண்ணெயை இறக்குவதற்கு அதன் அடியில் ஒரு குழாய். அந்தக் குழாயின் பூட்டுத் தேய்ந்து, எண்ணெய் சொட்டத் தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், கூட்டம் நிறைந்த நேரத்தில், பூட்டு முழுதாக விட்டுவிட்டது. கொதித்த எண்ணெய் அவன் தொடையில் கொட்டியது. பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது; எண்ணெய் அங்கே ஓடினால் குசினியே பற்றிக்கொள்ளும் என்று அவன் வலது கையால் குழாயை அழுத்தி மூடப் பார்த்தான். அதனால்தான் கை அப்படிப் போயிற்று. ஐந்து வாரம் தீக்காயப் பிரிவில் கிடந்தான். நான்கு சத்திர சிகிச்சை.

வேலையிடத்து விபத்து என்று மருத்துவக் காப்புறுதி ஏற்றுக்கொண்டது, சிகிச்சையும் நடந்தது. ஆனால் விபத்து அறிக்கையில் முதலாளி எழுதிய மூன்று வரிதான் இவர்களைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் நிறுத்தியது. எண்ணெய் ஆறுவதற்கு முன் குழாயைத் திறக்கக்கூடாது என்று தெரிந்திருந்தும் தொழிலாளி தானே திறந்துவிட்டார் என்று அதில் இருந்தது.

“இவரின்ரை கவனக்குறைவு எண்டு எழுதிக் கிடக்கு, அக்கா,” என்றாள் கௌரி. “அதை வாசிச்ச நாளிலையிருந்து இவர் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. கோயிலுக்கும் வாறேல்லை. ஆக்கள் கேக்கினமாம், நீ ஏன் தம்பி கொதிக்கிற எண்ணெயைத் திறந்தனி எண்டு.”

வழக்குப் போட இரண்டு வருடம்தான் தவணை. அதில் ஏழு வாரம்தான் மிச்சம் இருந்தது.

அன்று முறைக்கு வந்திருந்த அவொக்கா முப்பது வயதுப் பெண். வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக எழுதுவாள். கோப்பைப் புரட்டிவிட்டு நேராக ஒரே கேள்விக்கு வந்தாள். “விபத்துக்கு முன்னால், அந்த மெஷின் பழுது என்று முதலாளியிடம் சொன்னீர்களா?”

அந்தக் கேள்வியின் கனத்தை நீங்கள் புரிந்துகொள்ளவேண்டும். ஆபத்து இருக்கிறது என்று தொழிலாளி முன்கூட்டியே சொல்லியிருந்து, முதலாளி எதுவும் செய்யாமல் விட்டு, அதே ஆபத்து நடந்துவிட்டால், பிழை முதலாளியுடையது என்று இந்த நாட்டுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. மேற்கொண்டு வாதமே தேவையில்லை. வழக்கு முழுவதும் அந்த ஒரு பதிலில் நின்றது.

சிவநேசன் சொன்னான்: “ஓம், சொன்னனான். ரெண்டு கிழமைக்கு முன்னமே சொன்னனான். அவர் பேசினவர். பிறகு ஒண்டும் செய்யேல்லை.”

நான் பிரெஞ்சில் சொன்னேன்: “ஆம், சொன்னேன். இரண்டு வாரங்களுக்கு முன்பே சொன்னேன். அவர் அதைப் பற்றி என்னிடம் பேசினார். பிறகு எதுவும் செய்யவில்லை.”

அவொக்கா முகம் மலர்ந்து எழுதிக்கொண்டாள். உங்களில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அந்தச் சந்திப்புக்கு நான் எவ்வளவு தயாராகப் போயிருந்தேன் தெரியுமா? காலையிலேயே கௌரி தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். தோல் ஒட்டுக்கு என்ன, அழுத்த உறைக்கு என்ன, எண்ணெய் இறக்கும் குழாயின் பூட்டுக்கு என்ன என்று எல்லாவற்றையும் தேடிக் குறித்து வைத்திருந்தேன். கடினமான சொல் ஒவ்வொன்றிலும் நின்று, யோசித்து, சரியாகச் சொன்னேன். ‘பேசினவர்’ என்ற இடத்தில் நிற்கவேயில்லை. அது போதாதென்று, பிரெஞ்சில் அந்த வாக்கியம் மொட்டையாகத் தெரிந்தது என்று ‘அதைப் பற்றி’, ‘என்னிடம்’ என்று இரண்டு சொல்லை நானே சேர்த்தேன். அவன் வாயிலிருந்து வராத இரண்டு சொல்.

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து, முறைப்படி நான் அதைத் தமிழில் திரும்ப வாசித்தும் காட்டினேன். “முதலாளியிடம் சொன்னேன், அவர் பேசினார், எதுவும் செய்யவில்லை” என்றேன். “ஓம், ஓம், அதுதான்” என்றான். இடது கையால், பள்ளிப் பிள்ளை எழுதுவது போல, மெதுவாகக் கையொப்பம் வைத்தான். வாசித்துக் காட்டினால் பிழை பிடிபடும் என்று நம்பாதீர்கள். ஒரே சொல்லை இருவரும் இரண்டு விதமாகக் கேட்டுக்கொண்டு இருவரும் தலையாட்டலாம். நாங்கள் ஆட்டினோம்.

வழக்கு தவணைக்குள் பதிவாகியது. மாதங்கள் ஓடின. விசாரணைக்கு எட்டு நாள் இருக்கும்போது, மார்க்ஸ் டோர்மோயில் இருந்த தன் அலுவலகத்துக்கு அவொக்கா எங்களை அவசரமாகக் கூப்பிட்டாள். எதிர்த்தரப்பின் பதில் வந்திருந்தது. அவள் முகமே நல்ல செய்தி இல்லை என்று சொன்னது.

அவள் வாசித்தாள், நான் தமிழில் சொன்னேன். தொழிலாளியே கையொப்பமிட்டு ஒப்புக்கொள்கிறார்: மெஷினைப் பற்றி இவர் சொன்ன அன்றைக்கே முதலாளி இவருடன் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆகவே எண்ணெய் ஆறும்வரை குழாயைத் தொடக்கூடாது என்ற எச்சரிக்கை இவருக்குக் கிடைத்திருக்கிறது. கிடைத்தும் தொட்டிருக்கிறார்.

“இதுக்கு என்ன சொல்றீங்க, சிவநேசன்?” என்று நான் கேட்டேன். “முதலாளி இதைப் பத்திப் பேசினாரா?”

“ஓம் அக்கா, பேசினவர்தானே. அண்டைக்கே சொன்னனான் எல்லே?”

அவொக்கா என்னைப் பார்த்தாள். “ஒப்புக்கொள்கிறாரா?”

“ஒப்புக்கொள்கிறார்,” என்றேன். ஆம், இரண்டாம் தடவையும் அதே பள்ளத்தில் விழுந்தேன்.

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். “அப்படியென்றால் நாம் தோற்கலாம். முதலாளி எச்சரித்திருந்தால் அதை முதல் நாளே எனக்குச் சொல்லியிருக்கவேண்டும்.” சிவநேசனுக்கு வார்த்தை விளங்கவில்லை, குரல் விளங்கிவிட்டது. தலை குனிந்துகொண்டான்.

அப்போதுதான் கௌரி பேசினாள். அதுவரை சுவரோரக் கதிரையில் வழக்குக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள். எங்களுக்குச் சொல்லவில்லை, கணவனுக்கும் சொல்லவில்லை, சும்மா சொல்லிக்கொண்டாள்: “அவர் பேசின பேச்சிலை இந்த மனிசன் அண்டைக்கு வீட்டை வந்து சாப்பிடவும் இல்லை.”

எனக்கு அந்த வாக்கியம் காதில் விழுந்து, ஒரு கணம் கழித்துத்தான் உள்ளே இறங்கியது. மெஷினைப் பற்றி முதலாளி பேசினால் ஒரு மனிதன் ஏன் சாப்பிடாமல் இருக்கவேண்டும்?

“கௌரி, பேசினார்னா? ஏசினாரா?”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “ஓம் அக்கா. ஏசினவர். பேசினவர். வேறை என்ன?”

எனக்கு அந்தச் சொல் தெரியாதா? தெரியும். எங்கள் ஊரிலேயே ‘பேச்சு வாங்கினான்’ என்று சொல்வோம். யாழ்ப்பாணத்தில் சாதாரணமாக உரையாடுவதற்குக் ‘கதைக்கிறது’ என்றுதான் சொல்வார்கள், ‘பேசுறது’ என்றால் திட்டுவது என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். தெரியாத சொல் நம்மைக் கையைப் பிடித்து நிறுத்தும், அகராதியைத் திறக்க வைக்கும். தெரிந்த சொல் நிறுத்தாது. வழியை விட்டு நம்மைப் போகவிடும்.

“சிவநேசன்,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அவர் என்ன சொல்லிப் பேசினார்? அவர் வாயால சொன்னதை அப்படியே சொல்லுங்க. ஒரு சொல்லும் விடாதீங்க.”

அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். “மெஷினிலை பிழை பிடிக்காதை. ஒன்பது வருஷமா ஓடுற மெஷின். உனக்கு வேலை செய்யப் பஞ்சியெண்டால் போ, உன்ரை இடத்துக்கு வாசல்லை ஆக்கள் நிக்கினம். எல்லாருக்கும் முன்னாலை சொன்னவர், அக்கா.”

இதில் எச்சரிக்கை எங்கே இருக்கிறது? ஆபத்தைச் சொல்ல வந்தவனைச் சோம்பேறியாக்கி, வாயடைத்து அனுப்பியிருக்கிறான் அந்த முதலாளி. நான் அதை ‘அதைப் பற்றி என்னிடம் பேசினார்’ என்று இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அவொக்கா காத்துக்கொண்டிருந்தாள். “என்ன சொல்கிறார்கள்?”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு சுலபமான வழி இருந்தது. ‘இப்போது இன்னும் விவரமாகச் சொல்கிறார்’ என்று மொழிபெயர்த்திருக்கலாம். என் பிழை யாருக்கும் தெரியாது. ஆனால் நீதிமன்றத்தில் அது எப்படித் தெரியும்? விசாரணைக்கு எட்டு நாள் முன்பு தொழிலாளி கதையை மாற்றுகிறார் என்று தெரியும். கவனமில்லாதவன் என்று ஏற்கெனவே பெயர் வாங்கிய மனிதன் இப்போது பொய்யனும் ஆவான், என் பெயர் சுத்தமாக இருக்கும். நான் நீதிமன்றப் பட்டியலில் பெயர் உள்ளவள், சத்தியம் செய்தவள். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் மனதில் ஓடியது, பொய் சொல்லவில்லை.

“மேத்ர்,” என்று அவொக்காக்களை அழைக்கும் முறையிலேயே அழைத்தேன், “பிழை அவருடையது இல்லை. என்னுடையது.” எல்லாவற்றையும் சொன்னேன். சேர்த்த இரண்டு சொல்லையும் சொன்னேன். பிறகு திரும்பி, சிவநேசனுக்கும் கௌரிக்கும் அதையே தமிழில் சொன்னேன். அதுதான் கடினமாக இருந்தது.

கௌரிதான் கேட்டாள்: “அப்ப இவ்வளவு நாளும் இவர் சொன்னது அங்கை போய்ச் சேரேல்லையோ?”

“சேரல, கௌரி. நான் சேர்க்கல.”

அவொக்கா எழுந்து ஜன்னலருகே போனாள். என்னைப் பார்த்துக் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். சட்டென்று திரும்பினாள், மேசையிலிருந்த எதிர்த்தரப்பின் காகிதத்தைப் பறித்து எடுத்தாள், அந்தப் பந்தியை மறுபடி வாசித்தாள். அவள் கண்ணில் வெளிச்சம் ஏறுவதை நான் பார்த்தேன்.

“இதைக் கேளுங்கள்,” என்றாள். “‘இவர் சொன்ன அன்றைக்கே.’ அவர்களே எழுதியிருக்கிறார்கள். உங்கள் பிழையைப் பயன்படுத்தும் ஆசையில், மெஷின் பழுது என்று இவர் முதலாளியிடம் சொன்னதை அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இனிப் பின்வாங்க முடியாது. அந்தச் சொல்லுக்குத் திட்டுவது என்று பொருள் என்று நிறுவிவிட்டால் போதும். வழக்கு முடிந்தது.”

நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்லக் கௌரி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். நான் அங்கேயே, அந்த மேசையிலேயே, என் பிழையை எழுதிக் கையொப்பம் வைத்தேன். வீட்டுக்குப் போய் யோசித்து எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தக் கடிதம் இன்னும் அழகாக, இன்னும் மழுப்பலாக வந்திருக்கும்.

ஆனால் ஒன்று. பிழை செய்தவளே இனி இந்த வழக்கில் மொழிபெயர்க்க முடியாது. எட்டு நாளுக்குள் வேறொருவர் வேண்டும், யாழ்ப்பாணத் தமிழ் வீட்டுத் தமிழாக உள்ளவர். பட்டியலில் அப்படி ஒருவர்தான் அப்போது கிடைக்கக்கூடியவராக இருந்தார். குலசிங்கம். பத்து வருடத்துக்கு முன், ஒரு கூட்டத்தில், அவருடைய பிரெஞ்சு சந்தைப் பிரெஞ்சு என்று நான் பத்துப் பேர் கேட்கச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு எதிரே வந்தால் அவர் தெருவின் மறுபக்கம் போய்விடுவார்.

தொலைபேசியில் அழைத்தேன். மறுநாள் ரூ லூயி-பிளாங்கில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். வழக்கைப் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது, சொன்னால் அவர் பதிலுக்கு மதிப்பில்லை. ஒரு தாளில் அந்த வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். “முசியே குலசிங்கம், இதைப் பிரெஞ்சில எப்படிச் சொல்லுவீங்க?”

வாசித்தார். “‘நான் சொன்னனான், அவர் பேசினவர்.’ இதிலை என்ன கஷ்டம்? இவர் ஏதோ சொல்லியிருக்கிறார், மற்றவர் ஏசியிருக்கிறார்.” தாளைத் திருப்பித் தர வந்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “நீங்கள் என்னெண்டு போட்டனீங்கள்?”

சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பயந்திருந்தேன். சிரிக்கவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, “விசாரணை எப்ப?” என்று மட்டும் கேட்டார். பத்து வருடத்துக்கு முன் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். “அது அண்டைக்கு உண்மைதான். இப்ப என்ரை பிரெஞ்சு திருந்தியிட்டுது. வந்து பாருங்கோ.”

போய்ப் பார்த்தேன். விசாரணை நாளன்று சாட்சிகள் உட்காரும் வாங்கில் நான் இருந்தேன். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

நீதிபதி நரைத்த தலைமுடி உள்ள பெண். எதிர்த்தரப்பு அவொக்கா நல்ல பேச்சுக்காரர். “விசாரணைக்கு எட்டு நாள் முன்பு ஒரு சொல்லுக்கு அர்த்தம் மாறுகிறது,” என்றார். “தமிழ் மிகவும் வளைந்து கொடுக்கும் மொழி போலிருக்கிறது.” பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நீதிபதி என்னை எழுப்பினார். “இந்தச் சொல்லின் இந்தப் பொருள் உங்களுக்கு முன்பே தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். “தெரியும்,” என்றேன். “அவசரப்பட்டேன். சுலபமான சொல் என்று கவனிக்காமல் விட்டேன். அவர் சொல்லாத இரண்டு சொற்களையும் சேர்த்தேன்.” அவர் குறித்துக்கொண்டார்.

பிறகு சிவநேசனைக் கேட்டார். அவன் எழுந்து நின்று, முதலாளி சொன்னதை முதலாளியின் குரலிலேயே சொன்னான். அலுவலகத்தில் நிலத்தைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தைகள். இம்முறை நிலத்தைப் பார்க்கவில்லை. குலசிங்கம் ஒவ்வொரு துண்டையும் பிரெஞ்சில் வைத்தார். தெளிவான, நேரான, அலங்காரம் இல்லாத பிரெஞ்சு. எனக்குப் பொறாமையாக இருந்தது.

எதிர்த்தரப்பு அவொக்கா மறுத்தார். அப்படி எதுவும் சொல்லப்படவில்லை என்றார். நீதிபதி முதலாளியைப் பார்த்தார். அவரும் அன்றைக்கு வந்திருந்தார். கோட் போட்டுக்கொண்டு, வியர்த்துப்போய், சிவநேசனின் கை இருக்கும் பக்கம் மட்டும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய குசினியில் கோப்பை கழுவியவர்தான்.

“உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள்,” என்றார் நீதிபதி. “இவரைத் திட்டினீர்களா?” குலசிங்கம் அதைத் தமிழில் கேட்டார்: “நீங்கள் இவரை ஏசினனீங்களோ?”

முதலாளி எழுந்தார். அவருக்கு மனதில் என்ன ஓடியதோ தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு, பாவமான குரலில் சொன்னார்: “இல்லையம்மா. நான் பேசேல்லை. கொஞ்சம் சத்தமாச் சொன்னனான், அவ்வளவுதான்.”

எனக்குப் பக்கத்தில் கௌரி மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அந்த அறையில் தமிழ் தெரிந்த ஐந்து பேருக்கும் அந்தக் கணத்திலேயே விளங்கிவிட்டது, அதைச் சொன்னவர் உட்பட. பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் தெரியாது. அந்த இரண்டு மூன்று விநாடியைப் போல ஒரு பரபரப்பை நான் வாழ்க்கையில் வேறெங்கும் அனுபவித்ததில்லை.

குலசிங்கம் அவசரப்படவில்லை. மொழிபெயர்ப்பாளனாக ஒரு குறிப்புச் சொல்ல அனுமதி கேட்டார். நீதிபதி தலையசைத்தார். “இவர் இப்போது பயன்படுத்தியதும் அதே சொல்தான்,” என்றார். “எதிர்த்தரப்பு சொல்வது போல அதற்கு ‘உரையாடுதல்’ என்று பொருள் எடுத்தால், இவர் சொன்னது ‘நான் பேசவில்லை, சத்தமாகச் சொன்னேன்’ என்று வரும். அதற்கு அர்த்தம் இல்லை. ‘திட்டவில்லை, சத்தமாகச் சொன்னேன்’ என்று எடுத்தால் அர்த்தம் வரும்.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “சத்தமாக என்ன சொன்னீர்கள்?”

முதலாளி தன் அவொக்காவைப் பார்த்தார். அவர் உதவ வழியில்லாமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மெஷின் நல்லாத்தான் ஓடுது, வேலையைப் பார் எண்டு சொன்னனான்,” என்றார் முதலாளி. உட்காரும்போது, அன்று முதல் தடவையாக, அந்தக் கையைப் பார்த்தார்.

தீர்ப்பு வர இரண்டு மாதம் ஆகியது. அதற்குள் நீதிமன்றப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவர்களிடமிருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. போனேன், நடந்ததைச் சொன்னேன். கண்டித்தார்கள், பெயரை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் வழக்காடியிருக்க மாட்டேன்.

அன்று முதல் என் முறையை மாற்றினேன். வாக்குமூலத்தை வாசித்துக்காட்டி ‘சரியா’ என்று கேட்பதை விட்டேன். சரி என்று சொல்வது எல்லோருக்கும் வரும், அதிலும் அலுவலகங்களில் பயந்து பயந்து பழகிய நம் ஆட்களுக்கு. அதற்குப் பதிலாக, “இதையே வேற மாதிரிச் சொல்லுங்க, நான் ஊருக்குப் புதுசு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுச் சொல்லுங்க” என்று கேட்பேன். நேரம் இரட்டிப்பாகும். அவொக்காக்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் மனைவியையோ அண்ணனையோ பார்த்து, “நீங்க என்ன நினைக்கிறீங்க” என்றும் ஒரு வார்த்தை கேட்பேன். உங்களில் சிலர் இது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை என்பீர்கள். அவொக்காவிடம் அனுமதி கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

தீர்ப்பின் பிரதி வந்ததும் அவொக்கா என்னைத்தான் கூப்பிட்டாள். “இவர்களுக்கு நீங்களே சொல்லுங்கள்.” குலசிங்கம்தான் சொல்லவேண்டும் என்றேன். அவரும் சம்மதிக்கவில்லை. “நீங்கள் தொடங்கினது, நீங்கள் முடியுங்கோ” என்றுவிட்டார்.

சங்கத்தின் அறையில், ஆலோசனைக்கு வந்த பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஒரு மூலையில் நாங்கள் மூவரும் இருந்தோம். ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். ஆபத்தைத் தொழிலாளி முன்கூட்டியே அறிவித்திருக்கிறார். முதலாளி அதைக் கேட்டும் மெஷினைத் திருத்தவில்லை. விபத்துக்கு முதலாளியின் பிழையே காரணம். தொழிலாளியின் மேல் எந்தக் கவனக்குறைவும் நிறுவப்படவில்லை. காயத்தின் அளவை மதிப்பிட ஒரு வைத்தியரை நியமிக்கிறோம்.

“என்ன விளங்கிச்சு, சிவநேசன்? உங்க வார்த்தையில சொல்லுங்க.”

அவன் மெதுவாகச் சொன்னான்: “பிழை என்ரை இல்லை.”

“ஆமா. உங்களோடது இல்லை.”

“அதைப் பிரெஞ்சிலை எப்பிடிச் சொல்றது, அக்கா?”

“ஸ நெத்தே பா மா ஃபோத்,” என்றேன்.

அவர்களுக்கு ஒரு மகள் உண்டு, பதினைந்து வயது, லிசே என்ற மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். தகப்பன் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவன் உன் அப்பா தன்னைத்தானே பொரித்துக்கொண்டவர்தானே என்று கேட்டதிலிருந்து அவள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று கௌரி அப்போதுதான் என்னிடம் சொன்னாள். சிவநேசன் இடது கையால் தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்து, ஒலியைக் கூட்டி, அவளை அழைத்தான். பள்ளி விடுகிற நேரம். தெருச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

அவன் முன்னால் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். “ஸ... நெத்தே பா... மா ஃபாத்.”

வரிசையில் இருந்தவர்களெல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் பிரெஞ்சில் சொன்னாள், குரல் உடைந்திருந்தது: “ஃபாத் இல்லை அப்பா. ஃபோத்.”

“ஸ நெத்தே பா மா ஃபோத்து.”

“கடைசியில் ‘து’ வராது.”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, அறை முழுவதும் கேட்க, மறுபடி சொன்னான். மூன்றாம் தடவை அவள் திருத்தவில்லை.